கள்ளிக்குடி மெய்க்கீர்த்தி

சோழர்கள் ஏரி வெட்டினார்கள், தண்ணீர் வந்து நிறைந்தது. கோயில் எடுத்தார்கள், கூட்டம் வந்து நிறைந்தது. இதில் மெச்சுவதற்கு என்ன இருக்கிறது? தண்ணீர் ஓடிவரும் சரிவில் ஏரியும், ஆள் கூடும் இடத்தில் கோயிலும் யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். ஆள் வராத இடமாகத் தேடிப் பிடித்து அங்கே ஒரு சந்தையைக் கட்டி முடிப்பதற்குத்தான் தெய்வாம்சம் வேண்டும். அந்த அம்சத்தோடு நம் காலத்தில் அவதரித்தவர் இடமாற்றப் பெருமான். அவருடைய கொலுமண்டபம் திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, மதுரை நெடுஞ்சாலையில், கள்ளிக்குடியில் இருக்கிறது. பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். கள்ளிக்கு நீர் வேண்டாம், நிழல் வேண்டாம், வளர்ப்பாரும் வேண்டாம். அந்த மண்ணில் எழுந்த சந்தைக்கும் சரக்கு வேண்டாம், வியாபாரி வேண்டாம், வாங்குவாரும் வேண்டாம்.

திருச்சி காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரத்தை நகரத்துக்கு வெளியே எழுந்தருளச் செய்வதென்று திருவுளம் கொண்டு, 77 கோடி ரூபாய் செலவில் கட்டி, 2017-இல் திறந்து வைத்த சந்தை அது. அதன் தூய்மையைச் சொல்ல எனக்கு ஒரு நாக்கு போதாது. காந்தி மார்க்கெட்டுக்குள் விடியற்காலையில் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எத்தனை குற்றங்கள் என்று. காலடியில் முட்டைகோஸ் இலை மிதிபடும். வேட்டியில் தக்காளிச் சாறு தெறிக்கும். “ஓரம், ஓரம்” என்று தலைச்சுமையோடு ஒருவர் ஓடிவந்தால் எவ்வளவு பெரிய மனிதரும் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். கேரட் தழையை மென்றபடி ஒரு மாடு நடுவழியில் நின்றுகொண்டு யாருக்கும் வழிவிடாது. இந்தக் குற்றங்களில் ஒன்றையாவது கள்ளிக்குடியின் மீது சுமத்த முடியுமா? திறந்து ஆண்டுகள் உருண்டும் அங்கே ஓர் அழுகிய தக்காளியைப் பார்த்ததாகச் சொல்ல ஆளில்லை. நல்ல தக்காளி வந்து இறங்கினால்தானே அதில் நான்கு அழுகும்! தேசத்திலுள்ள நகராட்சிகளெல்லாம் சந்தைக் குப்பையை எங்கே கொட்டுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, சந்தையே நடக்காதபடி ஒரு சந்தையைக் கட்டி, குப்பைப் பிரச்சினையை வேரோடும் வேரடி மண்ணோடும் தீர்த்த பேரறிவு நம் பெருமானுக்கே உரியது.

ஒரு சிலர் அங்கே கடை திறந்து பார்த்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போணி ஆகவில்லை. பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பூட்டு இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்தக் கதவுகளுக்குக் கிடைத்தது.

இனி தூரத்தின் அருமையைப் பாட வேண்டும். லால்குடி, முசிறி, துறையூர்ப் பக்கத்து விவசாயி அதுவரை எவ்வளவு குறுகிய வாழ்க்கை வாழ்ந்தார் என்பதை நினைத்தால் கண்ணீர் வருகிறது. கொள்ளிடத்தைத் தாண்டுவார், காவிரியைத் தாண்டுவார், மலைக்கோட்டை கண்ணில் பட்டதும் சரக்கை இறக்கிவிடுவார். கையில் காசை வாங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் ஊர் திரும்பிவிடுவார். இதையும் ஒரு பயணம் என்று சொல்ல முடியுமா? பெருமான் அவருக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேலான நெடும்பயணத்தை அருளினார். வாழைத்தாரோடு நகரம் முழுவதையும் வலம்வந்து, தென்கோடியைத் தரிசித்து, மீண்டும் நகரம் முழுவதையும் வலம்வந்து வீடு சேரும் புண்ணியம். வண்டி வாடகை கூடுமே என்பீர்கள். யாத்திரைக்குப் போகிறவர் வாடகையைக் கணக்குப் பார்க்கலாமா?

வாங்க வருகிறவருக்கும் அதே அருள்தான். ஸ்ரீரங்கத்திலோ உறையூரிலோ தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸெல்லில் கிளம்புவார். முன்னால் ஒரு மூட்டை வெங்காயம், பின்னால் ஒரு பெட்டி தக்காளி, கைப்பிடியின் இருபுறமும் பைகள், நடுவில் எப்படியோ அவர். அந்த வண்டியோடு நான்குவழிச் சாலையில், பின்னால் ஒலியெழுப்பி வரும் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே, இருட்டில் போய்வரட்டும் என்று பெருமான் நினைத்தாரே, அந்தத் துணிச்சலை வேறு எந்த அரசனிடம் கண்டோம்? படையெடுப்புக்குக்கூட யானை குதிரை கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

கடைகளின் அளவும் கருணையின் அளவே. ஒரு லாரி வெங்காயத்தை இறக்கிக் கொட்டி, புழுங்கியதைத் தனியே ஒதுக்கி, சிப்பம் சிப்பமாக அடுக்கி, அதற்கு நடுவே தராசையும் வைத்து வியாபாரம் பண்ண மண்டிக்காரருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தால், அவர் நிறையக் கேட்டிருப்பார். மனித ஆசைக்கு எல்லை ஏது! ஆகவே கேட்கும் சிரமமே வைக்காமல், சிறிய அறைகளாக வரைந்து, வரிசையாகக் கட்டி, எண் போட்டு முடித்தார்கள். எங்கள் சரக்கு இதற்குள் அடங்காதே என்று வியாபாரிகள் முறையிட்டார்கள். அடக்கம் அமரருள் உய்க்கும் என்பதை அறியாதவர்கள்.

*

பெருமானின் வம்சாவளி சாதாரணமானதல்ல. சென்னையில் தொடங்குகிறது அது. பிராட்வேயில் போபம் சந்தை என்று ஒன்று இருந்தது. சுகாதாரக்கேடு என்று அதை எழுப்பிவிட்டு, அந்த வியாபாரிகளுக்காகச் சென்ட்ரல் நிலையத்தின் அருகே சிவப்புக் கட்டடமாக எழுப்பியது மூர் மார்க்கெட். 1900-இல் திறந்தார்கள். அதாவது மூர் மார்க்கெட்டே ஓர் இடமாற்றத்தின் குழந்தை. ஆனால் அந்தக் குழந்தைக்கு ஒரு குறை இருந்தது, அது பிழைத்துக்கொண்டது. பழைய புத்தகம், இசைத்தட்டு, லவ் பேர்ட்ஸ், தங்கமீன், பாத்திரம், பொம்மை என்று சேர்த்துக்கொண்டு எண்பத்தைந்து ஆண்டு உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையன் எட்டணாவுக்கு ஒரு புத்தகம் வாங்கிப் படித்து, அதைத் திரும்பக் கொடுத்து நாலணா வாங்கிக்கொண்டு, அடுத்த புத்தகத்துக்குப் பேரம் பேசினான். நிலத்தின் மதிப்பு எங்கே, இந்த நாலணா வியாபாரம் எங்கே? ரயில்வேக்கு இடம் வேண்டியிருந்தது. வியாபாரிகள் போக மாட்டோம் என்றார்கள். 1985 மே மாதம் 30-ஆம் தேதி தீப்பிடித்தது. எப்படிப் பிடித்தது என்று ஊர் இன்றும் பேசிக்கொள்கிறது. அக்கினி பகவான் சமயமறிந்து உதவுபவர் என்று சொல்லி நான் மேலே போகிறேன்.

எஞ்சியவர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பெயரைக் கேட்டாலே குளிர்கிறதே! சற்றுத் தள்ளி ஒரு கட்டடத்துக்குள் போனதும், ரயிலுக்குப் போகிற வழியில் தற்செயலாக எட்டிப்பார்த்து ஏதோ ஒன்றை வாங்கிப் போகும் வாடிக்கையாளரின் தொல்லையிலிருந்து அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. பழைய சந்தை நின்ற இடத்தில் புறநகர் ரயில்கள் புறப்படும் நிலையம் எழுந்தது. பெருமானின் பெருந்தன்மை இங்கேதான் உச்சத்தைத் தொடுகிறது. அந்த நிலையத்துக்கு அவர் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? மூர் மார்க்கெட் வளாகம். போதாதென்று சந்தைக் கட்டடத்தைச் சிறு மாதிரியாகச் செய்து, நிலைய வாசலில் வண்டிகள் நிற்கும் இடத்தருகே நிறுத்தியும் வைத்தார். வியாபாரி போகலாம், வியாபாரம் போகலாம், பெயரும் பொம்மையும் பத்திரம். எந்தக் கொடைவள்ளல் இவ்வளவு கொடுத்திருக்கிறான்?

இரண்டாவது கிளை கொத்தவால் சாவடி. ஜார்ஜ் டவுனின் சந்துகளுக்குள் வண்டி நுழையாமல், ஆள் நுழைந்து சென்னைக்கே சோறு போட்ட இடம். 1996-இல் அதைக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள். கோயம்பேடு அன்று ஊருக்கு வெளியே இருந்தது. வியாபாரிகள் புலம்பிக்கொண்டே போனார்கள், நஷ்டப்பட்டார்கள், கடன் வாங்கினார்கள், மெல்ல மெல்ல அந்த இடத்தைச் சந்தையாக்கினார்கள். இருபத்தைந்து ஆண்டில் ஊரே கோயம்பேட்டைத் தேடி வந்து சூழ்ந்துகொண்டது. பெருமானுக்கு உறக்கம் போய்விட்டது. இடம் மாற்றிய ஒரு சந்தை பிழைத்துவிடுவதா? இப்போது கோயம்பேடு நெரிசலாம், நிலம் விலைமதிப்பற்றதாம், திருமழிசைக்குப் போகலாமே என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ஒரு தலைமுறை வியர்வை சிந்தி நிலத்தை விலைமதிப்பற்றதாக்கினால், அந்த மதிப்பையே காரணமாகக் காட்டி அவர்களை அங்கிருந்து எழுப்பலாம் என்ற சூத்திரத்தைக் கண்டுபிடித்தவருக்கு எத்தனை கிரீடம் சூட்டினாலும் தகும்.

திருமழிசையை 2020-லேயே ஒத்திகை பார்த்தாயிற்று. கொரோனா பரவியது என்று மே 5-ஆம் தேதி கோயம்பேட்டைப் பூட்டி, காய்கறியைத் திருமழிசைக்கும் பழத்தை மாதவரத்துக்கும் அனுப்பினார்கள். தற்காலிகக் கொட்டகை, மண் தரை. மழை பெய்தது. சேற்றில் மூட்டைகள் மிதந்தன. கீரை விதைக்க எவ்வளவு தோதான பூமி!

திருமழிசை, திருமழிசையாழ்வார் பிறந்த ஊர். காஞ்சிபுரத்திலிருந்து அரசன் ஆழ்வாரின் சீடரைத் துரத்த, ஆழ்வாரும் கிளம்ப, பெருமாளே பாம்பணையைப் பாயாகச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போய்விட்டார் என்பது கதை. நகரம் களையிழந்து இருண்டது. அரசன் ஓடிப்போய்க் காலில் விழுந்தான், எல்லோரும் திரும்பி வந்தார்கள். பலவீனமான அரசன். போனவர்களைத் திரும்பக் கூப்பிடும் அந்தப் பழக்கமே நம் பெருமானிடம் கிடையாது.

*

பெருமானின் திருக்கண்களைப் பாடாமல் விட்டால் பாவம் சேரும். இடமாற்றத்துக்கு முன் கணக்கெடுப்பு நடக்கும். எண்ணுள்ள கடை, வாடகைச் சீட்டுள்ள கடை, ஷட்டர் உள்ள கடை எல்லாம் அந்தக் கண்ணுக்குத் தெரியும். ஷட்டர் இல்லாத உயிர் எதுவும் தெரியாது. ஞானிகளுக்கு மாயை தெரிவதில்லை அல்லவா, அதுபோல.

காந்தி மார்க்கெட் போன்ற எந்தச் சந்தைக்கும் போங்கள். வாசலுக்கும் முதல் கடைக்கும் நடுவில் ஒரு சாக்கை விரித்து ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். முன்னால் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, ஒரு கட்டு பொன்னாங்கண்ணி. பக்கத்தில் ஈரத்துணி மூடிய அலுமினியப் பாத்திரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கையால் தண்ணீரை அள்ளிக் கீரையின் மேல் தெளிப்பார். வாடிய இலையைக் கிள்ளி மடியில் போட்டுக்கொள்வார், வீட்டு ஆட்டுக்கு. மண்டியிலிருந்து சரக்கெடுக்க அவரிடம் முதல் கிடையாது. காலையில் கடனுக்கு எடுத்து, மதியம் விற்ற காசில் அடைக்கிறவர். மண்டிக்காரர் அவர் பெயரைப் பற்று நோட்டில் எழுதமாட்டார், மனசில்தான் எழுதுவார். “என்னக்கா, நேத்து பாக்கி?” என்பார். “சாயங்காலம் தர்றேண்ணே” என்பார் இவர். முப்பது வருடக் கடன் உறவின் மொத்தப் பத்திரமும் இவ்வளவுதான்.

அந்த அம்மாவின் சாக்குக்கு எண் இல்லை. ஆகவே புதிய வளாகத்தில் அவருக்குக் கடை இல்லை. எவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வைத்தார் பெருமான்! இரண்டு மணிக்கு எழ வேண்டாம், பஸ்ஸில் கூடைக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லும் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம், பேத்தியின் ஸ்கூல் பீஸுக்கு யாரிடம் வாங்குவது என்று யோசிக்கவும் வேண்டாம், ஏனெனில் கேட்க ஒரு மண்டிக்காரரே இல்லை. அறுபத்தைந்து வயதில் எத்தனை பேருக்கு இப்படி ஓய்வு கிடைக்கிறது?

கணக்கில் வராத பாக்கியசாலிகள் இன்னும் பலர். இடுப்பில் கொக்கியைச் செருகிக்கொண்டு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சுமைதூக்கும் தொழிலாளி. காலிச் சாக்கை வாங்கிக் கிழிசல் தைத்து விற்கிறவர். உருண்டு விழும் வெங்காயத்தைப் பொறுக்கிக் கூறு கட்டி விற்கும் கிழவி. டீக் கிளாஸைக் கம்பி வளையத்தில் அடுக்கிக்கொண்டு மண்டி மண்டியாக ஓடும் பையன். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் போடும் கை. இவையெல்லாம் சேர்ந்ததுதான் சந்தை என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். சுவரும் கூரையும் எடைமேடையும்தான் சந்தை என்ற தத்துவத்தை நிலைநாட்ட ஒருவர் அவதரிக்க வேண்டியிருந்தது.

சட்டத்துக்கு அவர் காட்டும் பக்தியையும் சொல்ல வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் எழுப்பக்கூடாது என்கிறது அது. எழுப்புவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடமாற்றத்தைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்புச் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ள தெருவோர வியாபாரிகளை இடம் மாற்றாமலே விட வேண்டும் என்று அட்டவணையில் எழுதியே வைத்திருக்கிறது. இப்படி ஒரு பொக்கிஷத்தைத் தினப்படி எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடாதா? பரம்பரை நகையைப் போல, பட்டுத்துணியில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் பெருமான் காத்துவருகிறார். கல்யாண நாளில்கூட வெளியே எடுப்பதில்லை. தேயாமல் இருக்கிறது.

“தற்காலிகம்” என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த வாழ்வு இன்னொரு அற்புதம். 2020 ஊரடங்கில் காந்தி மார்க்கெட்டைப் பூட்டி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு அனுப்பினார்கள். சில வாரம் என்று போனவர்கள், வெட்டவெளியில், ராத்திரி வியாபாரமாக, மாதக்கணக்கில் கிடந்தார்கள். ஊரடங்கு தளர்ந்தது, பேருந்து ஓடியது, சந்தை வாசல் மட்டும் திறக்கவில்லை. திரும்பி வருவதற்கு உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. காய்கறி விற்கிறவர்களுக்குச் சட்ட அறிவு வளரட்டும் என்ற நல்லெண்ணமன்றி வேறென்ன?

இப்போது பஞ்சப்பூர். புதிய பேருந்து முனையத்தின் பக்கத்திலேயே புதிய மார்க்கெட் வரப்போகிறது. கள்ளிக்குடியிலிருந்து அது ஒன்றும் வெகுதூரமில்லை. ஒரு வாசல் திறக்காவிட்டால் அடுத்த வீட்டில் தட்டிப் பார்ப்பது பிச்சைக்காரர்களின் வழக்கம் என்று நினைத்திருந்தேன், பேரரசர்களுக்கும் அது உண்டு என்று தெரிந்துகொண்டேன். இங்கே வரப்போகும் அறைகளின் நீள அகலத்தையும் வாடகையையும் முன்பணத்தையும் வியாபாரிகள் இப்போதே விசாரிக்கிறார்கள். அவசரக்காரர்கள். கட்டி முடித்து, ரிப்பன் வெட்டி, கல்வெட்டு பதித்தபின் தெரிந்துகொள்ளும் சுகத்தை இழக்கப் பார்க்கிறார்கள்.

இத்தனை கீர்த்திக்கும் நடுவில் பெருமானுக்கு ஒரு மனக்குறை இருப்பதை நான் அறிவேன். காந்தி மார்க்கெட் இன்னும் நடக்கிறது. ஒழுகும் கூரையோடு, இடிந்த சாக்கடையோடு, போகப்போகும் சந்தைக்கு எதற்குச் செலவு என்று ஆண்டாண்டாகத் தள்ளிப்போடப்பட்ட பழுதுபார்ப்போடு, நடக்கிறது. இன்று விடியற்காலை மூன்று மணிக்கும் லாரிகள் வந்து நின்றிருக்கும். அந்த அம்மாவும் வந்திருப்பார். பத்து மணிக்குக் கீரை தீர்ந்ததும் எழுந்து நின்று, சாக்கை இரண்டு முறை உதறி, நான்காக மடித்து, சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போவார். நாளைக்கு அதே இடத்தில் விரிப்பதற்காக.